அறுபத்தைந்து கிலோ ஆட்டக்காரர்

தங்கமுத்து அண்ணன் ஓட்டும் டவுன் பஸ்ஸில் நான் பதினோரு வருஷமாகக் கண்டக்டர். புதுக்கோட்டையில் எடுத்தால் நார்த்தாமலை, கீரனூர் வழியாகக் குன்றாண்டார்கோவில். அங்கே பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவர் வாய் திறப்பார். பேச்சு பெரும்பாலும் கபடியாகத்தான் இருக்கும்.

அவருக்குக் குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்து ஊர். விவசாயக் குடும்பம். வயது ஐம்பத்தாறு. டிரைவர் வேலை கிடைப்பதற்கு முன்னால் எட்டு வருஷம் ஊர் அணிக்கு ஆடியிருக்கிறார். எதிரணிக் களத்துக்குள் பாடிக்கொண்டு போகும் முதல் ஆள் அவர்தான். இரண்டாவது ஆள் அவருடைய சேக்காளி மலையாண்டி. எதிரணியிலிருந்து பாடி வருகிறவனைப் பிடித்துத் தூக்குவது ஆத்மநாதன். இந்த மூன்று பெயரும் இல்லாமல் அவர் எந்தக் கதையும் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கிற கபடியில் எடைக் கணக்கு உண்டு. நோட்டீஸில் 'அறுபத்தைந்து கிலோ' என்று போட்டிருந்தால், அதற்கு மேல் இருக்கிறவன் களத்தில் இறங்க முடியாது. ஆட்டம் தொடங்கும் முன் நெல் மூட்டை நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து போட்டு ஒவ்வொருவராக ஏற்றிப் பார்ப்பார்கள்.

"ஆவூர்ல ஒருவாட்டி முந்நூறு கிராம் கூடிருச்சு ஒதயா" என்பார் அண்ணன். என் பெயர் உதயசூரியன். "ஒரு மணி நேரம் டைம் குடுத்தாங்க. உச்சி வெயிலு. மலையாண்டி சட்டை, என் சட்டை ரெண்டையும் போட்டுக்கிட்டு சர்ச் மைதானத்தச் சுத்தி ஓடுறேன். அப்பவும் நூறு கிராம் நிக்கிது. மலையாண்டிப் பய சலூன்காரரக் கையோட கூட்டியாந்து எனக்கு மொட்டையப் போட்டு விட்டுட்டான். அப்பறம்தான் தராசு எறங்குச்சு. அன்னைக்குக் கப்பு நமக்குத்தான். போட்டோவுல பாரு, கப்பக் கையில வச்சிருக்க மொட்டை நானு."

அந்த எடையை அவர் அதற்குப் பிறகும் விடவில்லை. கீரனூரில் ஒரு மெடிக்கல் கடை வாசலில் எடை மெஷின் இருந்தது. மாதம் பிறந்தால் முதல் வேலையாக இறங்கிப் போய் ஏறிப் பார்த்துவிட்டு வருவார். அறுபத்துநாலு. சில மாதம் அறுபத்துநாலரை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் என்னைப் பார்த்து விரலால் எண்ணைக் காட்டுவார். டிப்போவில் எந்த டிரைவருக்கும் இப்படி இல்லை. எல்லோரும் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எண்பது, தொண்ணூறு என்று போய்விட்டார்கள். "கல்யாணத்தன்னைக்கும் இதே எடைதான், இன்னைக்கும் இதே எடைதான்" என்று அவர் சொல்லும்போது எனக்கே பொறாமையாக இருக்கும்.

அவருடைய வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். சீட்டை ஒரு துளை பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டதும் தெரியும். மெல்லிய காலும் கையும், நடுவில் மட்டும் சட்டைக்குள் ஒரு சின்னப் பானையை வைத்ததுபோல் வயிறும். வயதானால் இப்படித்தான் ஆகும் என்று நாங்கள் இருவருமே விட்டுவிட்டோம்.

போன வருஷம் ஆடி மாதம் டிப்போவில் மருத்துவ முகாம் போட்டார்கள். எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசி மேஜையில் ஒரு நர்ஸ் டேப்போடு நின்றிருந்தார். பிளெஸ்ஸி என்று பெயர். ஆவூர்ப் பெண். முப்பது வயது இருக்கலாம்.

"சார், சட்டையக் கொஞ்சம் தூக்கிக்கங்க. இடுப்பளவு எடுக்கணும்."

"என்னா சிஸ்டர், டவுசர் கிவுசர் தைச்சுத் தரப்போறீங்களா?" என்றார் அண்ணன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பிளெஸ்ஸியும் சிரித்தார். ஆனால் கை நிற்கவில்லை. கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். இடுப்பெலும்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினார்.

"மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க சார். சும்மா விடுங்க. இங்க வர்ற எல்லாரும் இதத்தான் செய்றாங்க."

அண்ணன் மூச்சை விட்டார். வயிறு இறங்கி டேப்பில் உட்கார்ந்தது. தொண்ணூற்றேழு சென்டிமீட்டர். பிறகு பின்பக்கம் அதிகமாகப் புடைத்திருக்கிற இடத்தில் சுற்றி இன்னொரு அளவு எடுத்தார். தொண்ணூற்றொன்று. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்துச் சீட்டில் எழுதினார்.

"ஒன்னு புள்ளி சைபர் ஏழு வருது சார். ஆம்பளைங்களுக்கு சைபர் புள்ளி ஒம்பதுக்குள்ள இருக்கணும். பொம்பளைங்களுக்குன்னா சைபர் புள்ளி எட்டு அஞ்சு. ஒங்களுக்கு ஒண்ணையே தாண்டிருச்சு. நீங்க கண்டிப்பா சுகர், கொழுப்பு எல்லாம் டெஸ்ட் எடுத்துப் பாக்கணும்."

அண்ணனின் முகம் மாறியது. "எடையப் பாத்தீங்களா இல்லையா? அறுபத்துநாலு. முப்பது வருஷமா ஒரு கிலோ கூடுனதில்ல. இந்தா பின்னாடி நிக்கிறாரே, அவரு தொண்ணூத்தஞ்சு. அவர்ட்டச் சொல்லுங்க இதெல்லாம்."

"அவருக்கும் சொல்லுவேன் சார். ஒங்க எடை சரியாத்தான் இருக்கு. ஆனா அந்த எடை ஒடம்புல எங்கன சேந்திருக்குன்னு தராசு சொல்லாதுல்ல? தொடையிலயும் பின்னாடியும் சதை இருந்தா அது நல்லதுதான். வயித்துக்குள்ள கொடலச் சுத்தி, ஈரலச் சுத்திச் சேருதே, அந்தக் கொழுப்புதான் சுகருக்கும் நெஞ்சு வலிக்கும் கொண்டுபோய் விடுது. ஒங்களுக்கு வியாதி இருக்குன்னு நான் சொல்லல சார். இருக்கான்னு பாத்துக்கங்கன்னு சொல்றேன்."

அண்ணன் சீட்டை வாங்கிக்கொண்டுபோய் பஸ்ஸின் முன்கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தார். அன்று முழுக்க ஹாரன்தான் பேசியது. ராத்திரி வண்டியை விட்டு இறங்கும்போது சீட்டை எடுத்துக்கொள்ளவும் இல்லை. நான் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தார். சுகுணா மதினி சீட்டை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "என்னங்க, இத எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே?" என்றார்.

"அது கெடக்கு. டேப்பத் தப்பா புடிச்சிருக்கும் அந்தப் புள்ள. என் இடுப்பு எனக்குத் தெரியாதா? என் கபடி டவுசர எடு, காட்டுறேன்."

மதினி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். கல்யாணத்துக்கு முந்திய சாமான் என்று அதில் இருந்தது கொஞ்சம்தான்: இரண்டு மூன்று கோப்பைகள், சான்றிதழ்கள், அந்த டவுசர். நீலத் துணி, இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. கீரனூரில் ஒரு தையல்காரர் அணி முழுவதுக்கும் சேர்த்துத் தைத்தது, இடுப்பில் கொக்கி. உட்பக்கம் மார்க்கர் பேனாவால் 28 என்று எழுதியிருந்தது இன்னும் அழியவில்லை. அந்துருண்டை வாசம் அடித்தது. அண்ணன் அதைக் கையில் வாங்கியதும் கோபத்தை மறந்துவிட்டார். பக்கவாட்டுத் தையலைக் காட்டி, "இது விராலிமலைல கிழிஞ்சது. நாலு பேரு காலப் புடிச்சுத் தொங்குறானுக, இழுத்துக்கிட்டே வந்து கோட்டத் தொட்டேன். மலையாண்டிதான் ஊசி நூலு வாங்கியாந்து ஒக்காந்து தச்சான்" என்றார்.

உள்ளறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மேலே பனியன்.

கொக்கி மாட்டவில்லை. மாட்டாது என்பது எங்களுக்கு முன்பே தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கையால் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் நாங்கள் பார்த்தது அதை இல்லை. இடுப்பில் ஏறாத அதே டவுசர் தொடையில் தொளதொளவென்று தொங்கியது. ஒவ்வொரு காலுக்குள்ளும் இன்னொரு கால் போகும்போல இருந்தது. பின்பக்கம் துணி மடிந்து கிடந்தது.

அவரும் குனிந்து பார்த்தார். தொடையைக் கையால் பிடித்துப் பார்த்தார். ஒரு காலத்தில் தொடையில் இறுக்கிப் பிடிக்கிறது என்று தையல்காரரிடம் திருப்பிக் கொடுத்து ஓரம் பிரிக்கச் சொன்ன டவுசர் அது.

"சுகுணா, என் தொடை எங்கடி போச்சு?" என்றார்.

மதினிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. "வயித்துக்குத்தாங்க வந்திருச்சு. எடைதான் மாறலயே" என்றார்.

அண்ணன் கைலிக்கு மாறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டவுசரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "மலையாண்டிக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு ஒதயா" என்றார்.

மலையாண்டி இறந்து அப்போது ஏழு வருஷம். நாற்பத்தொன்பது வயதில் போனவர். அவருக்கும் எடை ஏறவே இல்லை, அறுபத்துமூன்று. கபடியை விட்டபின் டிராக்டர் ஓட்டினார். வயிறு மட்டும் முன்னால் வந்தது. "என்ன மாப்ள, எத்தன மாசம்?" என்று பழைய அணிக்காரர்கள் கேட்பார்களாம். அவரும் வயிற்றைத் தடவி, "அடுத்த மாசம்டா, வளைகாப்புக்கு வந்துருங்க" என்பாராம். ஒருநாள் காலை பதினோரு மணிக்கு உழுது முடித்து டிராக்டரை விட்டு இறங்கியவர், டயரில் கையை ஊன்றி நின்றார். அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

"எழவு வீட்டுல எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? ஒல்லியான ஒடம்பாச்சே, இவனுக்கு எப்படி மாரடைப்பு வரும்னு கேட்டாங்க. நானும்தான் கேட்டேன். அவன் வயித்தப் பாத்து நாங்க சிரிச்சமே தவிர, ஒருத்தனும் ஒரு டெஸ்ட் எடுடான்னு சொல்லல."

மறுநாள் அவர் லீவு போட்டார். புதுக்கோட்டை அரசு மருத்துவமனைக்கு மதினியும் கூடப் போனார். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு. ரத்தத்தில் கொழுப்பும் கூடுதல். இசிஜி நன்றாக இருந்தது. எத்தனை வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனி வருஷத்துக்கு ஒருமுறை கண்ணையும் காலையும் பார்க்கச் சொன்னார்.

அந்த வாரம் அவர் உடைந்துதான் இருந்தார். கீரனூரில் மெடிக்கல் கடை வாசலைத் தாண்டும்போது அந்த மெஷினைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கூடவே இருந்து ஏமாத்திருச்சு ஒதயா" என்றார் ஒருமுறை. யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மெஷினைச் சொல்லி என்ன செய்வது? அது கேட்டதற்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான்.

பிறகு ஆட்டக்காரர் விழித்துக்கொண்டார். எனக்கு அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. குன்றாண்டார்கோவிலில் வண்டி நிற்கிற பத்து நிமிஷமும் நடை. குடைவரைக் கோயில் வரைக்கும் போய்த் திரும்புவார். நானும் கூட ஓடுவேன். அவர் நடப்பது எனக்கு ஓட்டம். வீட்டில் காலையில் பஸ்கி எடுக்க ஆரம்பித்தார். முதல் நாள் நாலாவது பஸ்கியில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் என்று மதினி சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு மூச்சில் இருநூறு எடுத்தவர். இலையில் சோற்றுக் குவியல் பாதியானது. காயும் சுண்டலும் ஏறின. டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அவர் சொல்ல, கீரனூர் டீக்கடைக்காரர் வேறு யாரோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு பரோட்டாவை மட்டும் வாரத்துக்கு ஒருநாள் விடாமல் வைத்திருந்தார். தீபாவளிக்கு அதிரசத்தில் கட்டுப்பாடு போய்விட்டது. வீட்டில் வாங்கி வைத்து மாதாமாதம் அளந்த டேப்பில் அந்த மாதம் ஒரு சென்டிமீட்டர் திரும்பி வந்தது. மதினி அதைக் காலண்டரில் எழுதி வைத்தார்.

பொங்கலுக்கு ஊர் மைதானத்தில் பழைய ஆட்டக்காரர்கள் கூடுவது வழக்கம். இளைஞர்கள் ஆடுவதைப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே கூடுவார்கள். இந்தத் தடவை என்னையும் அழைத்திருந்தார். காலை பத்து மணி இருக்கும். களத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்கடா. எடை போடுற மாதிரி நெனச்சுக்கங்க."

ஆளாளுக்குக் கேலி. "மொதல்ல ஆத்மநாதனப் புடி. அவன் சுத்தளவுக்கு இந்த டேப்பு பத்தாது" என்றார் ஒருவர். ஆத்மநாதனுக்கு ஆறடி உயரம், எண்பத்துநாலு கிலோ. அந்தக் காலத்திலேயே எடை ஆட்டத்துக்கு ஆகாது என்று, எடை பார்க்காத ஓபன் ஆட்டத்தில் மட்டும் இறக்குவார்கள்.

அண்ணன் விலாவைத் தடவி, எலும்பைத் தடவி, பிளெஸ்ஸி செய்த மாதிரியே சுற்றினார். "மூச்ச விடு மாப்ள." இடுப்பு எண்பத்தொன்பது. பின்பக்கம் நூற்றுநாலு. நான் செல்போனில் வகுத்தேன். சைபர் புள்ளி எட்டு ஆறு.

"பாஸ்" என்றேன்.

யாரும் நம்பவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னார்கள். அதே அளவு. ஆத்மநாதன் இன்னும் தன் வயலில் தானே மண்வெட்டி பிடிக்கிறவர், எங்கே போனாலும் சைக்கிள். தொடை இரண்டும் உரல் மாதிரி இருந்தது. "அதுக்காக ஒனக்கு ஒன்னும் வராதுன்னு எழுதிக் குடுக்கல. நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துரு" என்றார் அண்ணன். வந்திருந்த மற்ற மூன்று பேரும் சைபர் புள்ளி ஒன்பதைத் தாண்டினார்கள். அதில் இரண்டு பேர் பார்வைக்கு ஒல்லி.

இவர்கள் சத்தம் கேட்டு மலையாண்டியின் மனைவி காத்தாயி அங்கிட்டிருந்து வந்தார். அவர் வீடு மைதானத்தை ஒட்டித்தான். என்ன விஷயம் என்று கேட்டார். அண்ணன் சொல்லி முடித்ததும் டேப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? இத வச்சுச் சுத்திப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமா அண்ணே?"

"கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும்னு சொல்ல முடியாது ஆத்தா. ஆசுபத்திரிக்குப் போகச் சொல்லியிருப்போம்."

காத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, எனக்கும் பாருங்க. புள்ளைகளுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்" என்றார். எங்களோடு வந்திருந்த சுகுணா மதினி டேப்பை வாங்கிக்கொண்டு அவரோடு வீட்டுக்குள் போனார். சைபர் புள்ளி எட்டு ஒன்பது வந்தது. பெண்களுக்கான அளவைத் தாண்டியிருந்தது. அடுத்த வாரமே மதினி அவரைச் சோதனைக்குக் கூட்டிப் போனார். சர்க்கரை எல்லைக் கோட்டில் நின்றது. மாத்திரை வேண்டாம், நடையும் சாப்பாடும் போதும், மூன்று மாதத்தில் மறுபடி வாருங்கள் என்று அனுப்பினார்கள். அளவைத் தாண்டிய அந்த மூன்று பேரில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது தெரிந்தது. இன்னொருவர் இன்னமும் நாளை போகிறேன், நாளை போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணன் அவரை விடுவதாக இல்லை.

பங்குனியில் டிப்போவில் மறுபடி முகாம். பிளெஸ்ஸிதான் வந்திருந்தார். அண்ணன் சட்டையைத் தானாகவே தூக்கிக்கொண்டு நின்றார். இடுப்பு தொண்ணூற்றொன்று, பின்பக்கம் தொண்ணூற்றிரண்டு. ஒன்றுக்கு ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது. "இன்னும் எறங்கணும் சார்" என்றார் பிளெஸ்ஸி. சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. மாத்திரை தொடர்கிறது. "ஒங்க ஊரு மைதானத்துல எனக்கு மொட்டையடிச்சு விட்டாங்க சிஸ்டர்" என்று அவர் ஆரம்பிக்க, வரிசை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் கத்தியபிறகுதான் நகர்ந்தார்.

இப்போது வார லீவு நாளில் அவரும் ஆத்மநாதனும் இன்னும் இரண்டு பேரும் நார்த்தாமலைக்குப் போய் மலையேறுகிறார்கள். முடிந்தபோது நானும் சேர்ந்துகொள்வேன். போன வாரம் விஜயாலய சோழீஸ்வரம் கோயிலுக்குக் கீழே பாறையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். வெயில் இன்னும் ஏறவில்லை. அன்னவாசல் அரையிறுதியில் கடைசி நிமிஷம் மலையாண்டி கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று பேச்சு வந்தது. தொடவில்லை என்று நடுவர் சொல்லி அந்த ஆட்டம் போனதாம்.

"தொட்டான்" என்றார் தங்கமுத்து அண்ணன். "வெரலு பட்டுச்சு. நான் இங்கிட்டு நின்னு பாத்தேன்."

"படல மாப்ள. ஒரு எலை கனத்துக்கு எடம் இருந்துச்சு. அவனே எங்கிட்டச் சொன்னான்" என்றார் ஆத்மநாதன்.

"ஒங்கிட்ட எப்பச் சொன்னான்? எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீ அழுதுக்கிட்டு இருந்த. அதான் சொல்லல."

அண்ணன் கீழே தெரிந்த ரோட்டைப் பார்த்தார். முதல் டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது. "அப்ப மொறையாத்தான் தோத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு நாங்கள் எழுந்து மேலே நடந்தோம்.